இளநீர் கடல்பாசி: ஒரு வருஷம் பாயசம், மறு வருஷம் ரப்பர் ஏன்?

கோடை இனிப்புகள் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் கடல்பாசி (‘சைனா கிராஸ்’ இழையைக் கரைத்து உறையவைக்கும் இனிப்பு) பற்றியவையே அதிகம். விடுமுறைக்கு உறவுகள் கூடும் வீடுகளில் வருஷம் தவறாமல் செய்கிற பண்டம் இது என்பது கடிதங்களிலிருந்து தெரிகிறது. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சித்திரை பிறந்ததும் பேரன் பேத்திகள் வந்துவிடுவார்கள். வந்த அன்றைக்கே இளநீர் கடல்பாசி செய்து, எவர்சில்வர் தட்டில் ஊற்றி, துண்டு போட்டுக் கொடுப்பது என் மாமியார் காலத்திலிருந்து வழக்கம். அவர் கண்ணளவில்தான் செய்வார், ஒரு தடவைகூடத் தப்பாது. நான் செய்தால் ஒரு வருஷம் பாயசம் மாதிரி ஓடுகிறது, மறு வருஷம் ரப்பராகிவிடுகிறது. சரியான அளவும் பக்குவமும் சொல்லுங்கள்.
(வாசகி, தென்காசி)

பதில்: உங்கள் மாமியாரின் கண்ணளவுக்குப் பின்னால் இருந்த விஷயம் இதுவாகத்தான் இருக்கும். கடல்பாசியைத் தனியாக, வெறும் தண்ணீரில், கடைசி இழை கரைகிறவரை கொதிக்கவிட வேண்டும். இளநீரும் தேங்காய்ப்பாலும் அடுப்பை அணைத்த பிறகே சேரவேண்டும். அப்போதும் அவை ஜில்லென்று இருக்கக் கூடாது. பாதி கரைந்த பாசியோடு இறக்கினால் கெட்டியாகாமல் ஓடும். சரியாகிவிடும் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் வற்றி ரப்பராகும். இரண்டு கோளாறுக்கும் மூலம் இந்த ஒரு கட்டம்தான்.

9 அங்குலச் சதுரத் தட்டில் முக்கால் அங்குல உயரத்துக்கு, சுமார் 25 துண்டுகள் வருவதற்கான அளவு: இழையாக விற்கும் கடல்பாசி 10 கிராம், தண்ணீர் 300 மில்லி, இளநீர் 500 மில்லி (இரண்டு காய் போதும், சிறியதாக இருந்தால் மூன்று), முதல் தேங்காய்ப்பால் 200 மில்லி, சர்க்கரை 80 கிராம் (தலைதட்டி 6 மேசைக்கரண்டி), இளசான வழுக்கை ஒரு கப், ஒரு சிட்டிகை உப்பு. ஏலக்காய் வேண்டாம். இளநீரின் மணம் மெல்லியது, ஏலக்காய் அதை மூடிவிடும்.

பாசி இழைகளைக் கத்தரிக்கோலால் இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை அலசிப் பிழிந்தால் கடல் வாடை போய்விடும். பிறகு அடிகனமான பாத்திரத்தில் அளந்த 300 மில்லி தண்ணீருடன் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, 6 முதல் 8 நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். கரைந்ததா என்பதைப் பாத்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கரண்டியில் கொஞ்சம் மொண்டு வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். கரைந்து முடியாத இழை கண்ணாடி நூல் போலக் கரண்டியின் விளிம்பில் ஒட்டி நிற்கும். அது முழுவதும் மறைந்த பிறகே சர்க்கரையும் உப்பும் போட வேண்டும். சர்க்கரையை முதலிலேயே போட்டால் அது தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், பாசி கரைய அதிக நேரமாகும்.

சர்க்கரை கரைந்ததும் அடுப்பை அணைத்து, டீ வடிகட்டியில் வடித்துவிடுங்கள். இப்போது சுமார் 250 மில்லி இருக்கும். இதற்குள் ஒருவர் இளநீரைக் கை பொறுக்கும் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி வைத்திருந்தால் நல்லது. அது கொதிக்கக் கூடாது, கொதித்த இளநீரில் அந்த வாசனை இருக்காது. பாசிக் கரைசலைக் கிளறிக்கொண்டே இளநீரை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சோதனை. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த சின்னத் தட்டில் ஒரு டீஸ்பூன் கலவையை விட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். விரலால் தள்ளினால் ஒரு துண்டாக நகரவேண்டும். தேங்காய்ப்பால் சேர்ந்ததும் இன்னும் சற்று இளகும் என்பதால் இப்போது கொஞ்சம் கெட்டியாக இருப்பதே சரி. தட்டில் ஓடினால், 2 அல்லது 3 கிராம் பாசியை அரை கப் தண்ணீரில் தனியாகக் கொதிக்கக் கரைத்து இதில் சேருங்கள். கல் மாதிரி நின்றால் 100 மில்லி வெதுவெதுப்பான இளநீர் கூட்டுங்கள். தேங்காய்ப்பால் சேர்ப்பதற்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். பால் சேர்ந்த பிறகு மறுபடி கொதிக்கவைத்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்.

கடைசியில் தேங்காய்ப்பால், பாதி வழுக்கையை விழுதாக அரைத்தது, மீதி வழுக்கையைச் சிறு துண்டாக நறுக்கியது எல்லாம் சேர்த்துக் கலக்கி, தண்ணீரில் அலசிய ஈரத் தட்டில் ஊற்றுங்கள். நெய் தடவத் தேவையில்லை, குளிர்ந்ததும் அது வெள்ளைப் படலமாகத் தெரியும். சூடாக இருக்கும்போது இனிப்பு ஒரு மாற்றுக் கூடுதலாகத் தெரியவேண்டும், குளிர்ந்தால் நாக்கில் இனிப்பு குறைவாகத்தான் படும். அரை மணியில் கெட்டியாகிவிடும். பிறகு மூடி ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வையுங்கள்.

தட்டில் துண்டு போடாமல், கிண்ணங்களில் ஊற்றிக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவதானால் இதே அளவுக்கு 6 அல்லது 7 கிராம் பாசி போதும். வாயில் வைத்ததும் குழைகிற பதம் அதுதான்.

கேள்வி: இளநீரை ஊற்றிய அடுத்த நொடியே கரைசல் நூல் நூலாகத் திரிகிறது. பிறகு எவ்வளவு கிளறினாலும் சரியாவதில்லை. பாசி பழசா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: பாசி பழசில்லை. இளநீர் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்திருக்கிறது. கரைந்த கடல்பாசி 35 முதல் 40 டிகிரிக்கு இறங்கினால் உறையத் தொடங்கும். 95 டிகிரியில் உள்ள 250 மில்லி கரைசலோடு 5 டிகிரியில் உள்ள 500 மில்லி இளநீர் சேர்ந்தால் மொத்தச் சூடு 35 டிகிரிக்கு வந்துவிடும். கிளறுகிறபோதே உறைகிறது, அதனால்தான் திரி. அதே இளநீர் 45 டிகிரியில் இருந்தால் கலவை 60 டிகிரிக்கு மேல் நிற்கும், தேங்காய்ப்பால் சேர்க்கவும் தட்டில் ஊற்றவும் நிதானமாக நேரம் கிடைக்கும். தேங்காய்ப்பாலும் வழுக்கையும் ஃபிரிட்ஜில் இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

தேங்காய்ப்பால் சேர்க்கும் முன் திரிந்ததானால் பாத்திரத்தை மறுபடி அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்தால் கரைந்துவிடும். இளநீர் மணம் கொஞ்சம் போகும், ஆனால் பண்டம் வீணாகாது.

கேள்வி: எங்கள் வீட்டில் பெரியவர்கள் சுத்த சைவம். கடல்பாசி என்பது ஜெலட்டின்தான் என்று ஒருவர் சொல்லிவிட்டதால் இந்த வருஷம் செய்யவே யோசனையாக இருக்கிறது. போதாக்குறைக்கு மளிகைக் கடையில் கேட்டால் வேறு ஏதோ கறுப்பாகச் சருகு போலக் கொடுக்கிறார்கள்.
(வாசகி, ஈரோடு)

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். ஜெலட்டின் மாட்டின், பன்றியின், மீனின் தோல், எலும்பிலிருந்து வருவது. கடல்பாசி முழுக்க முழுக்கத் தாவர வகை. சிவப்புக் கடற்பாசிகளை வேகவைத்து, வடித்து, உறையவிட்டு, பனிக்கட்டியாக்கி உருக்கித் தண்ணீரை வெளியேற்றி, காயவைத்தால் அந்த வெள்ளை இழை கிடைக்கும். அதனால்தான் கையில் எடுத்தால் எடையே தெரிவதில்லை. பாக்கெட்டில் சைனா கிராஸ், அகர் அகர் என்று எந்தப் பெயர் இருந்தாலும் பொருள் ஒன்றே.

இதற்கான பாசி நம் மன்னார் வளைகுடாவிலேயே கிடைக்கிறது. ராமநாதபுரம் கரையோரத்திலும் பாம்பன் தீவிலும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக் கடலில் முங்கி, பாறையிலிருந்து கையால் பறித்து வருகிறார்கள். அவர்கள் மரிக்கொழுந்துப் பாசி என்று சொல்வதும் கஞ்சிப் பாசி என்று சொல்வதும்தான் இந்த இழைக்கான மூலப்பொருள். பவளப் பாறை கிழிக்கும், அலை தள்ளும், இருந்தும் இந்த வேலையில் பெரும்பாலும் பெண்கள்தான். 10 கிராம் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அந்தக் கைகளை நினைத்துக்கொள்வது நியாயம்.

கடைக்காரர் கொடுத்தது கல்பாசி. பாறையிலும் மரப்பட்டையிலும் வளர்வது, செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் போடுகிற வாசனைப் பொருள். அதில் எதுவும் உறையாது. ‘சைனா கிராஸ்’ என்று கேட்டால் குழப்பம் இருக்காது. பாதாம் பிசினும் வேறு. அது தண்ணீரில் ஊறி உப்புமே தவிர, தட்டில் கெட்டியாக நிற்காது.

கேள்வி: வைகாசியில் குலதெய்வம் கோயிலுக்கு வேன் வைத்துப் போகிறபோது புளியோதரை, தயிர்சாதத்தோடு கடல்பாசியும் எடுத்துப் போவது வழக்கம். வெயிலில் அது உருகாமலே இருக்கிறது. ஆனால் போன வருஷம் மதியத்துக்குள் புளித்துவிட்டது. உருகாத பண்டம் எப்படிக் கெட்டது?
(வாசகர், விருதுநகர்)

பதில்: உறைவதும் உருகுவதும் ஒரே சூட்டில் நடக்காது என்பதுதான் கடல்பாசியின் தனிக் குணம். 40 டிகிரிக்குக் கீழே உறையும், ஆனால் உறைந்தது மறுபடி உருக சுமார் 85 டிகிரி வேண்டும். அதனால் அக்னி நட்சத்திர வெயிலிலும் துண்டு துண்டாக நிற்கும். ஜெலட்டின் அப்படியல்ல, நம் ஊர் மதியச் சூட்டிலேயே தண்ணீராகிவிடும்.

இந்தக் குணத்தால் மருத்துவ உலகமே பலன் அடைந்திருக்கிறது. 1881-ல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் நுண்ணுயிர்களை ஜெலட்டின் மேல் வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கோடையில் அது உருகி ஓடியது, சில நுண்ணுயிர்கள் அதைக் கரைத்தும் விட்டன. அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே வீட்டில் செய்யும் ஜெல்லிக்கும் புட்டிங்குக்கும் அகரைப் பயன்படுத்துபவர். ஜாவாவில் வாழ்ந்த டச்சு அண்டைவீட்டாரிடமிருந்து தெரிந்துகொண்டது அது. அதையே ஆய்வுக்கும் பயன்படுத்தலாம் என்று அவர்தான் சொன்னார். நுண்ணுயிர் ஆய்வின் முன்னோடி ராபர்ட் காக்கின் ஆய்வகம் அதை ஏற்றது. இன்று வரை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கிருமிகளை வளர்ப்பது இந்தப் பாசியின் மேல்தான். ஒரு சமையலறையிலிருந்து போன யோசனை.

உங்கள் கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. கிருமி வளர இது அருமையான இடம். அதில் தேங்காய்ப்பாலும் இளநீரும் சர்க்கரையும் வேறு இருக்கின்றன. கெட்டியாக நிற்பதை வைத்து நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. தேங்காய்ப்பால் சேர்த்த கடல்பாசி கோடையில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

நெடுந்தூரப் பயணத்துக்குத் தேங்காய்ப்பாலையும் வழுக்கையையும் விட்டுவிடுங்கள். நன்னாரி சர்பத் அல்லது பனங்கற்கண்டு சேர்த்துத் தண்ணீரில் செய்வது ஓரளவு தாங்கும். முதல் நாள் இரவே செய்து நன்கு குளிரவைத்து, ஈரமில்லாத டிபன் கேரியரில் அடுக்கி, ஐஸ் கட்டி போட்ட பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போங்கள். கையால் எடுக்காமல் சுத்தமான கரண்டியால் பரிமாறுங்கள். புளிப்பு வாடையோ மேலே பிசுபிசுப்போ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: மறுநாள் பார்த்தால் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கெட்டுப்போய்விட்டதா?
(வாசகி, திருச்சி)

பதில்: இல்லை. உறைந்த பாசி ஒரு வலை. நேரம் ஆக ஆக அந்த வலை இறுகி, உள்ளே பிடித்துவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். வெட்டிய பக்கங்களில் அதிகம் கசியும் என்பதால் பரிமாறுகிற நேரத்தில் துண்டு போடுங்கள். சர்க்கரையை மிகவும் குறைத்தாலும் கசிவு கூடும். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். பனிக்கட்டி அந்த வலையைக் கிழித்துவிடும், வெளியே எடுத்ததும் தண்ணீர் தனியாக, நார் தனியாக ஆகிவிடும். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். முதல் நாள் ருசி இரண்டாம் நாள் இருக்காது.

கேள்வி: எலுமிச்சை, மாம்பழம், அன்னாசி இவற்றில் எதைச் சேர்க்கலாம்? எலுமிச்சம்பழம் பிழிந்து செய்தது உறையவே இல்லை.
(வாசகி, சேலம்)

பதில்: எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கும்போதே சேர்த்திருப்பீர்கள். புளிப்பும் கொதியும் சேர்ந்தால் பாசியின் உறையும் சக்தி உடைந்துபோகும். அடுப்பை அணைத்து, கலவை கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு சாறு விட்டால் உறையும். அப்போதும் 10 கிராமுக்குப் பதில் 12 கிராம் போடுங்கள், ஒரு லிட்டருக்கு இரண்டு பழச்சாறுக்கு மேல் வேண்டாம். எலுமிச்சை விட்டால் பாலும் தேங்காய்ப்பாலும் சேர்க்கக் கூடாது, திரிந்துவிடும்.

கடையில் வாங்குகிற ரோஸ் சிரப், நன்னாரி சிரப் பலவற்றில் சிட்ரிக் அமிலம் இருக்கும். பால் கடல்பாசிக்கு அதை விடுவதற்கு முன் லேபிளைப் படியுங்கள். அல்லது ஒரு கரண்டி சூடான பாலில் அரை டீஸ்பூன் விட்டுத் திரிகிறதா என்று பாருங்கள்.

அன்னாசி ஜெலட்டினை உறையவிடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிலுள்ள நொதி புரதத்தைக் கரைக்கும், ஜெலட்டின் புரதம். கடல்பாசி புரதம் இல்லை என்பதால் பச்சை அன்னாசியோடும் உறையும், புளிப்பு மட்டும்தான் கவனிக்க வேண்டியது. மாம்பழத்துக்கு அல்போன்சாவைவிட நம் இமாம்பசந்தும் பங்கனபள்ளியும் போதும். நார் உள்ள பழமானால் கூழை வடிகட்டுங்கள். 500 மில்லி கூழ், 200 மில்லி தண்ணீர், 300 மில்லி தண்ணீரில் கரைத்த 10 கிராம் பாசி. கூழும் ஜில்லென்று இருக்கக் கூடாது.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியில் செய்யலாமா? பாலில் கருப்பட்டி போட்டால் திரிந்துவிடுகிறது.
(வாசகி, திசையன்விளை)

பதில்: உங்கள் பக்கத்துக் கருப்பட்டி கையில் இருக்கும்போது சர்க்கரையைத் தொடவே வேண்டாம். பசும்பாலை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பாலுக்கு மாறுங்கள், ருசியும் அதில்தான் பொருந்தும். 150 கிராம் கருப்பட்டியைத் தட்டி 200 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு, துணியில் வடிகட்டுங்கள். மணல் அடியில் தங்கும், கடைசிச் சொட்டை விட்டுவிடுங்கள். 400 மில்லி தண்ணீரில் 10 கிராம் பாசி தனியாகக் கரையட்டும். இரண்டையும் சூடாகவே கலந்து, சுக்குப்பொடி கால் டீஸ்பூன் போட்டு, சூடு தணிந்த பிறகு 350 மில்லி தேங்காய்ப்பால். கருப்பட்டியின் இனிப்பு ஊருக்கு ஊர் மாறும், ஆகையால் ருசி பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

கேள்வி: நுங்கு போட்டுச் செய்தால் எல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்துவிடுகிறது. இரண்டு நிற அடுக்காகச் செய்தாலும் வெட்டும்போது மேல் அடுக்கு வழுக்கிக்கொண்டு தனியாக வருகிறது.
(வாசகர், புதுச்சேரி)

பதில்: இரண்டுக்கும் நேரம்தான் மருந்து. மூன்றில் ஒரு பங்கு கலவையைத் தட்டில் ஊற்றி, மேலே ஆடை போல உறைந்ததும் நுங்குத் துண்டுகளைப் பரப்பி, மீதியை ஊற்றுங்கள். அந்த மீதி உறைந்துவிடாமல் இருக்க, பாத்திரத்தை வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி வையுங்கள். நுங்கின் மேல் இருக்கும் பழுப்புத் தோலைச் சுத்தமாக உரித்துவிட வேண்டும், துவர்ப்பு அதில்தான். உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு நறுக்குங்கள், இல்லையென்றால் அந்த இடம் மட்டும் உறையாமல் குழியாகும். நுங்கு போட்டதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

அடுக்குக்கு: கீழ் அடுக்கின் மேல் விரல் வைத்தால் உள்ளே போகாமல், ஆனால் லேசாக ஒட்டிக்கொண்டு வரவேண்டும். அந்தப் பதத்தில் அடுத்ததை ஊற்றினால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். முழுக்க ஆறிவிட்டால் பிடிக்காது, அப்போது முள்கரண்டியால் மேற்பரப்பைக் கீறிவிட்டு ஊற்றுங்கள். மேல் அடுக்கைச் சூடாக ஊற்றத் தயங்காதீர்கள். 60 டிகிரியில் ஊற்றினாலும் கீழ் அடுக்கு உருகாது. கரண்டியின் முதுகில் விழுமாறு ஊற்றினால் குழி விழாது.

கேள்வி: இங்கே இழை கிடைப்பது குறைவு, தூள்தான். எவ்வளவு போட வேண்டும்? தேங்காய்ப்பால் சேர்த்தால் தானாகவே மேலே வெள்ளையாகவும் கீழே தெளிவாகவும் பிரிந்துவிடுகிறது, அது சரியா?
(வாசகி, ஈப்போ, மலேசியா)

பதில்: 10 கிராம் இழைக்கு 5 கிராம் தூள், அதாவது தலைதட்டி 2 டீஸ்பூன். சர்க்கரையோ வேறு மாவோ கலந்த தூளும் விற்கிறார்கள் என்பதால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். தூளைக் குளிர்ந்த தண்ணீரில் தூவிக் கலக்கிவிட்டுப் பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் கட்டி விழும்.

தேங்காய்ப்பாலின் கொழுப்பு லேசானது. கலவை மிகவும் சூடாக ஊற்றப்பட்டால் உறைவதற்குள் கொழுப்பு மேலே வந்துவிடும். அந்த இரண்டு அடுக்கே உங்களுக்குப் பிடித்திருந்தால் அப்படியே விடலாம். ஒரே நிறமாக வேண்டுமென்றால் பாத்திரத்திலேயே கிளறிக்கொண்டிருந்து, ஓரத்தில் சற்றுக் கெட்டிப்படத் தொடங்கும் நேரத்தில் தட்டில் ஊற்றுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்கும், சர்க்கரை வியாதி உள்ள தாத்தாவுக்கும் கொடுக்கலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: குழந்தைக்குத் துண்டாகக் கொடுக்கவே கூடாது. வழுக்கும், ஆனால் வாயில் கரையாது. தொண்டையில் அடைத்துவிடும். ஒரே வாயாக உறிஞ்சிச் சாப்பிடும் சின்ன ஜெல்லிக் கப்புகளில் அகரைச் சேர்ப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் தடையே போட்டிருக்கிறது. அந்த வயதுக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. நன்றாக மென்று தின்னும் பிள்ளைகளுக்கும் இளகிய பதத்தில், சிறு துண்டாக, உட்கார்ந்த இடத்தில் கொடுங்கள்.

தாத்தாவுக்குப் பாசியால் கெடுதல் இல்லை, அது நார்ச்சத்துதான். கணக்கில் வருவது சர்க்கரையும் இளநீரின் இயற்கை இனிப்பும் தேங்காய்ப்பாலும். சர்க்கரை சேர்க்காமல் ஒரு கிண்ணம் தனியாக ஊற்றி வையுங்கள். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

கேள்வி: இந்த வருஷம் பெரியப்பா சதாபிஷேகத்துக்கு 50 பேருக்கு வீட்டிலேயே செய்ய ஆசை. அளவை நான்கு மடங்காக்கினால் போதுமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஆளுக்கு இரண்டு துண்டு என்றால் நான்கு மடங்குதான்: பாசி 40 கிராம், இளநீர் 2 லிட்டர், தேங்காய்ப்பால் 800 மில்லி, சர்க்கரை 320 கிராம். கொதிக்கவிடும் தண்ணீரில்தான் கணக்கு தப்பும். வாயகன்ற உருளியில் அதிகமாக வற்றும், குறுகிய குண்டானில் குறைவாக வற்றும். 1.2 லிட்டரில் கரைத்து வடித்த பிறகு அளந்து பாருங்கள். 1 லிட்டருக்குக் குறைந்தால் கொதிநீர் விட்டு 1 லிட்டர் ஆக்குங்கள், கூடுதலாக இருந்தால் மறுபடி வற்றவிடுங்கள்.

நான்கு தட்டுக்கும் ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள். மூன்றாவது தட்டு ஊற்றும்போதே அடியில் உறையத் தொடங்கிவிடும். பாசிக் கரைசலை மட்டும் வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து, 250 மில்லி வீதம் எடுத்து ஒவ்வொரு தட்டுக்கும் தனியாக இளநீரும் பாலும் சேருங்கள். முதல் நாள் இரவு செய்து ஃபிரிட்ஜில் வைப்பதானால் தட்டுகளுக்கு இறுக்கமான மூடி வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் வைத்த சாம்பார்ப் பொடியின் வாசனையெல்லாம் அதில் ஏறிவிடும். பந்தியில் உட்காரச் சொன்ன பிறகு வெளியே எடுத்துத் துண்டு போட்டால் சரியாக இருக்கும்.